தோற்றுப் பார்க்க ஓர் இடம்: ராபர்ட் ரெட்ஃபோர்டும் சன்டான்ஸும்

1981ஆம் ஆண்டு ஆஸ்கர் விழா ஒரு நாள் தள்ளிப்போய் மார்ச் 31ஆம் தேதி நடந்தது. முந்தைய நாள் அதிபர் ரீகனை ஒருவன் சுட்டுவிட்டதுதான் காரணம். அந்த இரவு சிறந்த இயக்குநர் விருதை வாங்கியவர் அதுவரை ஒரே ஒரு படம்தான் இயக்கியிருந்தார். அந்தப் படம் 'ஆர்டினரி பீப்பிள்'. சிறந்த படம், சிறந்த துணை நடிகர், சிறந்த தழுவல் திரைக்கதை என்று இன்னும் மூன்று விருதுகளும் அதற்கே போயின. இயக்குநருக்கு வயது 44. பத்து வருடங்களுக்கும் மேலாக ஹாலிவுட்டின் முதல் வரிசை நட்சத்திரம்.

அடுத்து என்ன படம் எடுக்கிறேன் என்று ராபர்ட் ரெட்ஃபோர்ட் சொல்லியிருந்தாலும் எந்த ஸ்டுடியோவும் பணத்தை நீட்டியிருக்கும். ஆனால் அவர் இயக்கிய இரண்டாவது படம் 1988இல்தான் வந்தது. அந்த இடைவெளியில் அவர் நடித்து வெளியானவையும் மூன்றே படங்கள்தான். விருது வாங்கிய மூன்றாவது மாதம், அதாவது 1981 ஜூனில், யூட்டா மலைப்பகுதியில் தனக்குச் சொந்தமான இடத்தில் பத்துப் புதிய படைப்பாளிகளைக் கூட்டி உட்காரவைத்தார். புதிய திரைப் படைப்பாளிகளுக்காக அவர் தொடங்கிய சன்டான்ஸ் இன்ஸ்டிட்யூட்டின் முதல் பட்டறை அதுதான்.

சன்டான்ஸ் என்றால் இன்று எல்லோருக்கும் நினைவுக்கு வருவது ஜனவரித் திரைப்பட விழா, பனி, லட்சக்கணக்கான டாலருக்குப் படங்கள் விலைபோகும் கதைகள். என் பார்வையில் ரெட்ஃபோர்டின் பெரிய காரியம் விழா அல்ல, அந்த ஜூன் மாதப் பட்டறை. விழா வளர்ந்தது, தடம் மாறியது, பல நேரங்களில் அவரையே சங்கடப்படுத்தியது. பட்டறை 40 வருடங்களுக்கும் மேலாக ஏறக்குறைய அதே வேலையை அதே முறையில் செய்துவருகிறது. ஒரு நடிகருக்கு இது எப்படித் தோன்றியது, எந்த அனுபவத்திலிருந்து வந்தது, எங்கே பலித்தது, எங்கே சறுக்கியது என்பதைத்தான் இங்கே பார்க்கிறோம்.

அழகு ஒரு சிக்கல்

1936 ஆகஸ்ட் 18இல் கலிஃபோர்னியாவின் சான்டா மோனிகாவில் பிறந்தவர். அப்பா பால் ஊற்றும் வேலையில் இருந்து, பிறகு எண்ணெய்க் கம்பெனியில் கணக்கர் ஆனவர். பேஸ்பால் ஆடியதற்காகக் கிடைத்த உதவித்தொகையில் கொலராடோ பல்கலைக்கழகத்துக்குப் போனார். குடியில் அதை இழந்தார். அம்மா இறந்ததும் அந்தக் காலத்தில்தான். பிறகு ஐரோப்பாவுக்குப் போய் ஓவியம் படித்தார். பாரிஸ், ஃபுளோரன்ஸ் என்று சுற்றிவிட்டு நியூயார்க் திரும்பி நடிப்புப் பள்ளியில் சேர்ந்தார். ஓவியராக வேண்டும் என்று கிளம்பி நடிகரானவர் அவர். சட்டகத்துக்குள் எதை வைப்பது, எதை வெளியே விடுவது என்ற கண் அவருக்கு முன்பே இருந்தது என்பதை அவர் இயக்கிய படங்களைப் பார்த்தாலே தெரிந்துகொள்ளலாம்.

தொலைக்காட்சி, பிராட்வே மேடை, சில படங்கள் என்று பத்து வருடம் ஓடியது. 1969இல் 'புட்ச் கேசிடி அண்ட் த சன்டான்ஸ் கிட்'. ஸ்டுடியோ அவரை விரும்பவில்லை. பெரிய பெயர் ஒன்று வேண்டும் என்றார்கள். இயக்குநர் ஜார்ஜ் ராய் ஹில்லும், ஏற்கெனவே பெரிய நட்சத்திரமாக இருந்த பால் நியூமனும் பிடிவாதமாக நின்று அவரை உள்ளே கொண்டுவந்தார்கள். உயரத்தில் இருக்கும் ஒருவர் தன் செல்வாக்கை இன்னொருவருக்காகச் செலவழித்தால் என்ன நடக்கும் என்பதை ரெட்ஃபோர்ட் தன் வாழ்க்கையிலேயே அனுபவித்தார். அதை அவர் மறக்கவில்லை என்றுதான் எனக்குப் படுகிறது.

அதற்குப் பிறகு வந்த வரிசை எல்லோருக்கும் தெரிந்ததே: 'ஜெரமையா ஜான்சன்', 'த வே வி வேர்', 'த ஸ்டிங்'. நடிப்புக்காக அவருக்குக் கிடைத்த ஒரே ஆஸ்கர் பரிந்துரை 'த ஸ்டிங்' படத்துக்குத்தான். பத்திரிகைகள் அவர் முகத்தைப் பற்றியே எழுதின. அந்த முகத்துக்குக் கிடைத்த விலையை அவர் எங்கே செலவழித்தார் என்பதில்தான் கதை இருக்கிறது.

சின்னப் படம் கற்றுக்கொடுத்தது

'புட்ச் கேசிடி' வந்த அதே 1969இல் இன்னொரு படமும் வந்தது: 'டவுன்ஹில் ரேசர்'. பனிச்சறுக்குப் பந்தய வீரன் ஒருவனைப் பற்றியது. ஜெயிக்கிறான், ஆனால் யாருக்கும் பிடிக்காத மனிதன். ரெட்ஃபோர்ட் தன் சொந்த நிறுவனம் மூலம் முன்னின்று உருவாக்கிய முதல் படம் இது. இயக்குநர் மைக்கேல் ரிட்சிக்கு இதுதான் முதல் திரைப்படம். வெற்றி என்ற விஷயத்தைப் பற்றி மூன்று படங்கள் எடுக்க வேண்டும் என்பது திட்டம்: விளையாட்டில் வெற்றி, அரசியலில் வெற்றி, தொழிலில் வெற்றி. இரண்டாவதாக அதே ரிட்சி இயக்கத்தில் 'த கேன்டிடேட்' 1972இல் வந்தது. மூன்றாவது வரவே இல்லை.

'டவுன்ஹில் ரேசர்' சரியாக ஓடவில்லை. படத்தை எடுத்து முடிப்பது பாதி வேலைதான், அதைப் பார்வையாளரிடம் கொண்டுசேர்ப்பது மீதிப் பாதி என்பதும், அந்த மீதிப் பாதி முழுக்க ஸ்டுடியோவின் கையில் இருக்கிறது என்பதும் அவருக்கு அப்போது உறைத்தது. ஊரே அறிந்த முகம் இருக்கும் படத்துக்கே இந்த நிலை என்றால், முகமே இல்லாத ஒருவன் எடுக்கும் படத்துக்கு என்ன கதி? இந்தக் கேள்வியைப் பின்னாளில் அவர் பல இடங்களில் பல விதமாகக் கேட்டிருக்கிறார்.

அதனால் ஒரு வழக்கம் உருவானது. ஸ்டுடியோவுக்குப் பெரிய படம் ஒன்று நடித்துக் கொடுப்பது, அதில் கிடைக்கும் மதிப்பை வைத்துத் தனக்குப் பிடித்த சின்னப் படம் ஒன்றைத் தள்ளிக்கொண்டு போவது. 'ஆல் த பிரசிடென்ட்ஸ் மென்' இந்த வழக்கத்தின் உச்சம். 'த கேன்டிடேட்' விளம்பரத்துக்காக 1972 கோடையில் பத்திரிகையாளர்களோடு ரயிலில் போய்க்கொண்டிருந்தபோது, பின்னால் அதிபர் நிக்சனின் பதவியையே பறித்த, வாட்டர்கேட் கட்டடத்தில் நடந்த திருட்டு முயற்சியைப் பற்றி அவர்கள் பேசுவது அவர் காதில் விழுந்தது. யாரும் அதைத் துருவப் போவதில்லை என்ற தொனியில் பேசிக்கொண்டிருந்தார்கள். 'வாஷிங்டன் போஸ்ட்'டில் இரண்டு இளம் நிருபர்கள் துருவிக்கொண்டிருந்தார்கள். ரெட்ஃபோர்ட் அவர்களைத் தேடிப் பிடித்தார். அவர்கள் புத்தகத்தை எழுதிக்கொண்டிருந்த காலத்திலேயே, அந்த இரண்டு நிருபர்களின் தேடலாகவே இதைச் சொல்ல வேண்டும் என்று வற்புறுத்தினார். படமாக்கும் உரிமைக்கு 4,50,000 டாலர் போனது.

அந்தப் படத்தின் செய்தி அறையைச் சற்று உற்றுப் பார்க்க வேண்டும். உண்மையான அலுவலகத்தில் படம்பிடிக்க முடியாததால் கலிஃபோர்னியாவில் அப்படியே அதே மாதிரி கட்டினார்கள். மேசைகள் அதே வகை, அதே நிறம். மேசை மேல் கிடக்கும் காகிதக் குப்பைகூட வாஷிங்டனிலிருந்து பெட்டி பெட்டியாக வந்தது. திரையில் ரெட்ஃபோர்ட் தொலைபேசியில் பேசிக்கொண்டே கிறுக்கும் நீளமான காட்சி ஒன்று உண்டு. கேமரா மிக மெதுவாக நெருங்கிக்கொண்டே இருக்கும், வெட்டே இருக்காது. பின்னணியில் எங்கேயோ ஒரு கூட்டம் தொலைக்காட்சி பார்த்துக்கொண்டிருக்கும். பேச்சின் நடுவில் ஒரு பெயரை மாற்றிச் சொல்லிவிட்டுச் சமாளிப்பார். நட்சத்திரத்தின் படத்தில் நட்சத்திரம் செய்வதெல்லாம் போன் பேசுவதும் குறிப்பெடுப்பதும்தான். எட்டு ஆஸ்கர் பரிந்துரைகளும் நான்கு விருதுகளும் கிடைத்தன. இயக்கியவர் ஆலன் பகுலா. ஆனால் எண்ணம் தோன்றிய நாளிலிருந்து படம் முடியும்வரை அதைச் சுமந்தவர் ரெட்ஃபோர்ட். இயக்குநர் நாற்காலிக்கு அவர் தயாராகிவிட்டார் என்பது இங்கேயே தெரிகிறது.

பொரித்த ரொட்டி

'ஆர்டினரி பீப்பிள்' ஜூடித் கெஸ்ட் எழுதிய நாவலின் தழுவல். சிகாகோவுக்கு வடக்கே வசதியானவர்கள் வாழும் புறநகர். மூத்த மகன் படகு விபத்தில் இறந்துவிட்டான். உயிர் தப்பிய இளையவன் தற்கொலைக்கு முயன்று மருத்துவமனையிலிருந்து திரும்பியிருக்கிறான். வீட்டில் யாரும் இதைப் பேசுவதில்லை.

படத்தின் தொடக்கத்தில் ஒரு காலை உணவுக் காட்சி. முட்டையில் தோய்த்துப் பொரித்த ரொட்டி. அவனுக்குப் பிடித்தது. அம்மா தட்டை வைக்கிறாள். பசியில்லை என்கிறான். அவ்வளவுதான், தட்டை எடுத்துக்கொண்டு போய் ரொட்டியைக் கழுவுதொட்டிக்குள் தள்ளி அரைத்துவிடுகிறாள். அப்புறம் சாப்பிடலாம் என்ற பேச்சுக்கே இடமில்லை. அவள் கத்தவில்லை, முகம்கூட மாறவில்லை. அப்பா குறுக்கே வந்து ஏதோ சமாளிக்கப் பார்க்கிறார், அதற்குள் முடிந்துவிட்டது. அந்தக் குடும்பத்தில் என்ன உடைந்திருக்கிறது என்பது முழுவதும் இந்த ஒரு நிமிடத்தில் வந்துவிடுகிறது. இசை கிடையாது, நெருக்கக் காட்சியில் கண்ணீர் கிடையாது. நடிகராக இருந்தவர் நடிகர்களுக்கு எவ்வளவு இடம் கொடுக்கிறார் என்று பாருங்கள்.

அம்மாவாக நடித்தவர் மேரி டைலர் மூர். அமெரிக்கத் தொலைக்காட்சியின் செல்லப்பிள்ளை, நகைச்சுவைத் தொடர்களின் சிரித்த முகம். அந்தச் சிரிப்புக்குக் கீழே வேறொன்று இருக்கும் என்று ரெட்ஃபோர்டுக்குத் தோன்றியிருக்கிறது. அழகான முகத்தை ஊர் எப்படித் தப்பாகப் படிக்கும் என்பதை அவரைவிட அதிகம் அறிந்தவர் யார்? மகனாக நடித்த டிமதி ஹட்டன் 20 வயதில் ஆஸ்கர் வாங்கினார், துணை நடிகர் பிரிவில் இன்றுவரை அவர்தான் மிக இளையவர். அப்பாவாக நடித்த டொனால்ட் சதர்லண்டுக்குப் பரிந்துரைகூடக் கிடைக்கவில்லை. அது பெரிய அநியாயம்.

அந்த வருடம் ஸ்கார்செசியின் 'ரேஜிங் புல்' தோற்றதற்காக இந்தப் படத்தைத் திட்டுபவர்கள் இன்றும் இருக்கிறார்கள். 'ரேஜிங் புல்' பெரிய படம்தான், அதில் சந்தேகமில்லை. அதற்காக 'ஆர்டினரி பீப்பிள்' சின்னதாகிவிடாது. ஆண்கள் மனநல மருத்துவரிடம் போவதை வெட்கமாக நினைத்த காலத்தில், ஒரு பையன் மருத்துவர் முன்னால் உட்கார்ந்து பேசிப் பேசி மீள்வதை இவ்வளவு பொறுமையாகக் காட்டிய படம் ஹாலிவுட்டில் அரிது.

அதன் பிறகு அவர் இயக்கியவை எட்டு. நியூ மெக்சிகோவில் ஓர் ஏழை விவசாயி தன் அவரை வயலுக்கு வாய்க்கால் தண்ணீரைத் திருப்பிவிடுவதால் கிளம்பும் சண்டையைச் சொன்ன 'த மிலாக்ரோ பீன்ஃபீல்ட் வார்' ஓடவில்லை. 'எ ரிவர் ரன்ஸ் த்ரூ இட்' (1992) பிராட் பிட்டை ஊருக்குக் காட்டியது, ஒளிப்பதிவுக்கு ஆஸ்கர் வாங்கியது. 'க்விஸ் ஷோ' (1994) என் கணக்கில் அவருடைய ஆகச் சிறந்த படம். 1950களின் தொலைக்காட்சி வினாடிவினா மோசடியை எடுத்துக்கொண்டு, நல்ல குடும்பத்துப் பையன் ஒருவன் பொய்யை எப்படி மெல்ல மெல்ல ஏற்றுக்கொள்கிறான் என்று காட்டுகிறது. சிறந்த படம், சிறந்த இயக்குநர் உட்பட நான்கு பரிந்துரைகள் கிடைத்தும் வசூலில் தோற்றது. 'த ஹார்ஸ் விஸ்பரர்' (1998) தன் இயக்கத்தில் தானே நடித்த முதல் படம். மற்றவை சுமார் ரகம். கடைசிப் படம் 2012இல்.

இந்த ஒன்பதையும் வரிசையாகப் பார்த்தால் ஒன்று புலப்படும். எல்லாமே நிதானமான, பழைய பாணி, நேர்த்தியான படங்கள். சன்டான்ஸ் வழியாக உலகத்துக்கு வந்த படங்களில் பெரும்பாலானவை இவற்றோடு ஒட்டவே ஒட்டாது. அவர் தன் ரசனையை வளர்க்க ஒரு பள்ளி கட்டவில்லை. தன்னால் எடுக்கவே முடியாத, ஒருவேளை எடுக்க விரும்பாத படங்களுக்கும் அங்கே இடம் இருந்தது. கலைஞர்கள் கட்டும் நிறுவனங்களில் இது சாதாரணமாக நடப்பதில்லை. பெரும்பாலும் குருவின் நிழல்தான் சீடர்கள் மேல் விழும்.

மலையில் ஓர் இடம்

ரெட்ஃபோர்டின் முதல் மனைவி யூட்டாவைச் சேர்ந்தவர். 1961இல், நடிகராக இன்னும் வேர்விடாத நாட்களில், அங்கே 500 டாலருக்கு இரண்டு ஏக்கர் வாங்கிக் குடில் போட்டார். 1968இல், டிம்பனோகோஸ் மலையடிவாரத்தில் ஒரு குடும்பம் நடத்திவந்த சின்னப் பனிச்சறுக்கு இடத்தை முதலீட்டாளர்களைச் சேர்த்துக்கொண்டு வாங்கினார். விட்டால் அங்கே வீடுகளாகக் கட்டிக் குவித்துவிடுவார்கள் என்ற பயம் அவருக்கு. தான் நடித்த பாத்திரத்தின் பெயரையே அதற்கு வைத்தார். சுற்றுச்சூழல் விஷயத்தில் அவர் சும்மா பேசுகிறவர் இல்லை. தெற்கு யூட்டாவில் வரவிருந்த மாபெரும் நிலக்கரி மின்நிலையத்தை எதிர்த்தபோது, 1976இல் கனாப் என்ற ஊரில் அவர் கொடும்பாவியை எரித்தார்கள். அந்த மின்நிலையம் வரவில்லை.

விழா தனிக் கதை. 1978இல் சால்ட் லேக் சிட்டியில் யூட்டா மாநிலத்துக்குப் படப்பிடிப்புகளை ஈர்க்கும் நோக்கத்தோடு ஒரு திரைப்பட விழா தொடங்கியது. பழைய புகழ்பெற்ற படங்களோடு, ஹாலிவுட்டுக்கு வெளியே எடுக்கப்பட்ட சின்னப் படங்களுக்கு ஒரு போட்டியும் வைத்தார்கள். ரெட்ஃபோர்ட் அதன் குழுத் தலைவர். 1981இல் அது பார்க் சிட்டிக்கும் ஜனவரி மாதத்துக்கும் நகர்ந்தது. குளிர்காலத்தில் பனிச்சறுக்கு ஊரில் நடத்தினால் ஹாலிவுட் ஆட்கள் தாமாக வருவார்கள் என்று இயக்குநர் சிட்னி போலக் யோசனை சொன்னதாகச் சொல்வார்கள். 80களின் நடுவில் இன்ஸ்டிட்யூட் அந்த விழாவை எடுத்துக்கொண்டது. 1991இலிருந்து சன்டான்ஸ் திரைப்பட விழா என்று பெயர்.

ஆக, பட்டறைதான் அவர் கட்டியது. விழா அவரிடம் வந்து சேர்ந்தது.

பட்டறையில் என்ன நடக்கும்? திரைக்கதையோடு ஆட்கள் தேர்வாகி வருவார்கள், பெரும்பாலும் முதல் படம் எடுக்கப்போகிறவர்கள். அனுபவம் மிக்க இயக்குநர்கள், எழுத்தாளர்கள், நடிகர்கள், படத்தொகுப்பாளர்கள் ஆலோசகர்களாக வருவார்கள். திரைக்கதையிலிருந்து கடினமான சில காட்சிகளைத் தேர்ந்தெடுத்து, நடிகர்களோடு ஒத்திகை பார்த்து, சின்னக் குழுவை வைத்து வீடியோவில் எடுத்து, வெட்டிச் சேர்த்துப் போட்டுப் பார்ப்பார்கள். பிறகு உட்கார்ந்து பேசுவார்கள். எடுத்த காட்சியை வெளியிட வேண்டியதில்லை. ஸ்டுடியோ ஆட்கள் சுற்றி நிற்க மாட்டார்கள், பரிசும் கிடையாது. காட்சி சொதப்பினால் சொதப்பட்டும், மறுநாள் வேறு மாதிரி எடுக்கலாம். நிஜப் படப்பிடிப்பில் ஒரு நாள் வீணானால் என்ன ஆகும் என்று தெரிந்தவர்களுக்கு இந்தச் சலுகையின் அருமை புரியும்.

முதல் வருடப் பட்டறையில் இருந்த கதைகளில் ஒன்று கிரெகரி நவாவின் 'எல் நோர்டே'. குவாத்தமாலாவின் பூர்வகுடிக் கிராமத்திலிருந்து உயிருக்குத் தப்பி லாஸ் ஏஞ்சலஸுக்கு ஓடிவரும் அண்ணன் தங்கை கதை. படம் 1983இல் முடிந்தது, மூலத் திரைக்கதைக்கு ஆஸ்கர் பரிந்துரை பெற்றது. ரீகன் காலத்து அமெரிக்காவில் எந்த ஸ்டுடியோ இதைத் தொட்டிருக்கும்?

1991 ஜூனில் நடந்தது இன்னும் சுவையானது. வீடியோ கடையில் வேலை பார்த்துச் சினிமா கற்ற ஒருவர் 'ரிசர்வாயர் டாக்ஸ்' என்ற திரைக்கதையோடு வந்தார். க்வென்டின் டாரன்டினோ. நடிகர் ஸ்டீவ் புசெமியைக் கூட வைத்துக்கொண்டு, இன்னொரு பாத்திரத்தைத் தானே நடித்துச் சில காட்சிகளை எடுத்தார். நீள நீளமான ஷாட்கள். முதலில் இருந்த ஆலோசகர் குழு கிழித்துவிட்டது. இப்படியா படம் எடுப்பார்கள் என்ற ரீதியில் பேசினார்கள். சில நாட்களில் குழு மாறியது. இயக்குநர் டெர்ரி கில்லியம் உள்ளிட்ட அடுத்த குழு அதே காட்சிகளைப் பார்த்துவிட்டு உற்சாகப்படுத்தியது. ஒரே காட்சி, இரண்டு தீர்ப்பு. யார் சொல்வதைக் கேட்பது, எதை உதறுவது என்று முடிவெடுக்க வேண்டியது படைப்பாளி மட்டும்தான். ஆலோசகர்களை ஒரே கருத்துக்குக் கொண்டுவர யாரும் முயலவில்லை என்பதுதான் இந்த முறையின் உயிர். படத்தின் நன்றிப் பட்டியலில் கில்லியம் பெயர் இருக்கிறது.

பால் தாமஸ் ஆண்டர்சன், குளோயி ஜாவ் என்று இந்தப் பட்டறையைக் கடந்துவந்தவர்கள் வரிசை நீளம். இதைத் தினம்தினம் நடத்தியவர் ரெட்ஃபோர்ட் அல்ல என்பதையும் சொல்லியாக வேண்டும். தொடக்கத்திலிருந்தே பட்டறைகளின் பொறுப்பில் இருந்தவர் மிஷெல் சேட்டர். யாரை எடுப்பது, யாரோடு யாரை உட்காரவைப்பது என்ற நுட்பமான வேலை அவருடையது. 2024 ஜனவரியில் அவருக்கு ஆஸ்கர் அகாதமி ஜீன் ஹெர்ஷோல்ட் மனிதநேய விருதைக் கொடுத்தது. ரெட்ஃபோர்டின் பங்கு இடத்தையும் பெயரையும் கொடுத்ததும், பிறகு தலையிடாமல் இருந்ததும். நட்சத்திரங்களுக்குக் கஷ்டமானது இந்த இரண்டாவதுதான்.

அமெரிக்கப் பூர்வகுடிகளுக்கு அவர் செய்ததைத் தனியாகச் சொல்ல வேண்டும். கௌபாய் படங்களில் நூறு வருடமாகக் குறி பார்த்துச் சுடப்பட்டவர்கள் அவர்கள். முதல் பட்டறையிலிருந்தே அவர்களுக்கு இடம் இருந்தது, 90களில் அது தனித் திட்டமாகவே ஆனது. அந்த வழியில் வந்தவர் கிறிஸ் எய்ர். அவருடைய 'ஸ்மோக் சிக்னல்ஸ்' 1998 சன்டான்ஸில் பார்வையாளர் விருது வாங்கியது. ரெட்ஃபோர்ட் தயாரிப்பாளர்களில் ஒருவராக இருந்த, பூர்வகுடிக் காவலர்களைப் பற்றிய 'டார்க் விண்ட்ஸ்' தொலைக்காட்சித் தொடரின் முக்கிய இயக்குநர்களில் ஒருவரும் இதே எய்ர்தான். 2025இல் அந்தத் தொடரில் சில நொடிகள் தலைகாட்டியதுதான் ரெட்ஃபோர்டின் கடைசி நடிப்பு.

சந்தை வந்தது

1989 ஜனவரியில், 26 வயதான ஸ்டீவன் சோடர்பெர்க் 'செக்ஸ், லைஸ் அண்ட் வீடியோடேப்' படத்தோடு பார்க் சிட்டி வந்தார். செலவு 12 லட்சம் டாலர். நடுவர் பரிசு அதற்குக் கிடைக்கவில்லை, பார்வையாளர் விருது கிடைத்தது. மே மாதம் பிரான்சின் கான் திரைப்பட விழாவில் முதல் பரிசான தங்கப் பனை. மிராமேக்ஸ் என்ற விநியோக நிறுவனம் வெளியிட்டு அமெரிக்காவில் மட்டும் 2 கோடியே 40 லட்சம் டாலருக்கு மேல் வசூல். சின்னப் படத்தில் பெரிய பணம் இருக்கிறது என்று அன்று எல்லோருக்கும் தெரிந்துவிட்டது.

அதன் பிறகு விழா விழாவாக இல்லை. விநியோகஸ்தர்கள் பெட்டியோடு வந்தார்கள், ராத்திரி முழுக்கப் பேரம் நடந்தது. 7,000 டாலரில் எடுத்த 'எல் மரியாச்சி' 1993இல் பார்வையாளர் விருது வாங்கிய கதை ஊரெல்லாம் பரவியது. விண்ணப்பங்கள் குவிந்தன, இடம் கிடைக்காதவர்கள் பெருகினார்கள். அவர்களில் சிலர் 1995இல் அதே ஊரில் அதே நாட்களில் ஸ்லாம்டான்ஸ் என்று போட்டி விழாவே தொடங்கிவிட்டார்கள். 2006இல் 'லிட்டில் மிஸ் சன்ஷைன்' 1 கோடியே 5 லட்சம் டாலருக்குப் போய் நன்றாக ஓடியது. 2008இல் 'ஹேம்லட் 2' ஒரு கோடி டாலருக்குப் போய் மண்ணைக் கவ்வியது. 2021இல் 'கோடா' இரண்டரைக் கோடி டாலருக்கு ஆப்பிள் நிறுவனத்திடம் போய் மறுவருடம் சிறந்த படத்துக்கான ஆஸ்கரும் வாங்கியது. இடையில் படத்துக்குச் சம்பந்தமே இல்லாத பிரபலங்களும், அவர்களுக்கு இலவசப் பரிசுப் பைகளைத் திணிக்கும் கம்பெனிகளும் தெருவை நிறைத்தன. ரெட்ஃபோர்டுக்கு இது பிடிக்கவில்லை, வெளிப்படையாகவே சொன்னார். ஆனால் அந்தக் கூட்டம் இல்லாமல் அந்தச் சின்னப் படங்களை உலகம் திரும்பிப் பார்த்திருக்குமா என்ற கேள்வியும் நியாயமானதுதான்.

அவர் தோற்ற இடம் திரையரங்கு. 'டவுன்ஹில் ரேசர்' காலத்திலிருந்தே அவரை உறுத்திய பிரச்சினை இது: படம் எடுக்கலாம், எங்கே போடுவது? 1996இல் தொலைக்காட்சி அலைவரிசை ஒன்றைத் தொடங்கினார். பிறகு ஜெனரல் சினிமா என்ற நிறுவனத்தோடு சேர்ந்து ஸ்டுடியோக்களைச் சாராத சுயாதீனப் படங்களுக்கான திரையரங்குத் தொடர் ஒன்றைக் கட்டத் திட்டமிட்டார். 2000இல் அந்த நிறுவனம் திவாலாகித் திட்டம் நின்றுபோனது. பின்னர் மேடிசன், சான் ஃபிரான்சிஸ்கோ போன்ற சில ஊர்களில் அரங்குகள் வந்தன. 2015இல் அவையும் வேறு நிறுவனத்துக்கு விற்கப்பட்டன. படைப்பாளியை உருவாக்குவதில் வென்றவரால் அவன் படத்தை ஊர் ஊராகக் கொண்டுபோக முடியவில்லை. சுயாதீன சினிமாவின் பாதி நோய்க்குத்தான் சன்டான்ஸ் மருந்து கண்டுபிடித்தது.

ஆளும் குறையில்லாதவர் இல்லை. எதற்கும் நேரத்துக்கு வரமாட்டார். முடிவெடுக்க இழுத்தடிப்பார். அவர் நடிக்கவோ இயக்கவோ போய்விட்டால் கையெழுத்துக்கு ஆள் காத்திருக்க வேண்டியிருந்தது என்று கூட வேலை செய்தவர்கள் சொல்லியிருக்கிறார்கள். ஒரே ஆளின் பெயரைச் சுற்றிக் கட்டிய எந்த அமைப்புக்கும் வரும் வியாதி இது. 2019 விழாவின் தொடக்கத்தில், இனி தன்னை முன்னிறுத்த வேண்டியதில்லை என்று சொல்லி ஒதுங்கிக்கொண்டார். சரியான நேரத்தில் எடுத்த முடிவு.

ஜான் கஸாவெட்டிஸ் பெயர் இந்த இடத்தில் வராமல் இருக்காது. அவரும் நடிகர்தான், ஸ்டுடியோ படங்களில் சம்பாதித்ததையெல்லாம் 'ஃபேசஸ்' போன்ற தன் சொந்தப் படங்களில் கொட்டியவர். கலைஞனாக ரெட்ஃபோர்டைவிட அவர் பெரியவர், இதில் எனக்குத் தயக்கமே இல்லை. ஆனால் கஸாவெட்டிஸ் விட்டுப்போனது படங்களை. ரெட்ஃபோர்ட் விட்டுப்போனதில் நாளைக்கு வரப்போகிறவனுக்கும் ஒரு நாற்காலி இருக்கிறது.

நம் பக்கம்

இந்தியப் படங்களுக்கு சன்டான்ஸ் கடந்த சில வருடங்களில் முக்கியமான வாசலாகியிருக்கிறது. டெல்லியில் காயம்பட்ட பருந்துகளைக் காப்பாற்றும் சகோதரர்களைப் பற்றிய 'ஆல் தட் பிரீத்ஸ்' 2022இல் உலக ஆவணப்படப் பிரிவில் முதல் பரிசு வாங்கியது. சுசி தலாதியின் 'கேர்ள்ஸ் வில் பி கேர்ள்ஸ்' 2024இல் பார்வையாளர் விருது பெற்றது. ரோஹன் கனாவடேயின் மராத்திப் படம் 'சாபர் போண்டா' 2025இல் உலகக் கதைப்படப் பிரிவின் முதல் பரிசை வென்றது. ஈழத்துத் தமிழ் வேர் கொண்ட பாடகி மாயா அருள்பிரகாசத்தைப் பற்றிய ஆவணப்படம் 2018இல் அங்கே சிறப்பு நடுவர் விருது வாங்கியதும் நினைவிருக்கலாம்.

கடைசி வருடங்கள்

2013இல் 'ஆல் இஸ் லாஸ்ட்'. இந்தியப் பெருங்கடலில் ஓட்டை விழுந்த படகில் தனியாக ஒரு கிழவர். வேறு நடிகரே கிடையாது, வசனம் விரல்விட்டு எண்ணலாம். 70 வயதைக் கடந்தவர் தண்ணீரில் புரண்டு நடித்திருக்கிறார். அழகு, குரல், எதிர் நடிகர் என்று எந்தப் பிடிமானமும் இல்லாமல், கையும் கண்ணும் மட்டும் வேலை செய்யும் நடிப்பு. இயக்கிய ஜே.சி. சாண்டோரின் முதல் படம் 2011இல் சன்டான்ஸில்தான் திரையானது. நியூயார்க் விமர்சகர்கள் ரெட்ஃபோர்டுக்குச் சிறந்த நடிகர் விருது கொடுத்தார்கள், ஆஸ்கரில் பரிந்துரைகூட இல்லை. அதை இன்றும் என்னால் ஏற்க முடியவில்லை.

2020இல் மலை விடுதியை விற்றார், நிலத்தின் பெரும்பகுதியில் கட்டடம் எழும்பாதபடி ஏற்பாடு செய்துவிட்டுத்தான் விற்றார். 2025 செப்டம்பர் 16இல் அதே சன்டான்ஸில் தன் வீட்டில் இறந்தார், 89 வயதில். அவர் இருக்கும்போதே விழா யூட்டாவை விட்டுப் போகிறது என்ற அறிவிப்பு வந்துவிட்டது. 2027 முதல் அது கொலராடோவின் போல்டரில், அவர் படிக்கப் போய்ப் பாதியில் விட்ட பல்கலைக்கழகம் இருக்கும் ஊரில் நடக்கும்.

பட்டறை அதற்கும் முன்பே இடம் மாறிவிட்டது. 2024இல் இயக்குநர் பட்டறை கொலராடோவின் எஸ்டஸ் பார்க்கில் உள்ள பழைய ஓட்டல் ஒன்றில் நடந்தது. மலை வேறு, கட்டடம் வேறு. ஆனால் வந்தவர்கள் செய்தது 1981இல் செய்த அதே வேலைதான்: கடினமான காட்சியை எடுத்தார்கள், வெட்டிச் சேர்த்துப் போட்டுப் பார்த்தார்கள், சரியாக வராததை மறுபடி எடுத்தார்கள்.